இன்மைக் கருதுகோளும் பி-மதிப்பும்: எட்டுக் கோப்பைத் தேநீரிலிருந்து பத்து ரொட்டி வரை

மொரிசியஸில் ஹெச்எஸ்சி (உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) மாணவருக்குப் புள்ளியியல் பாடம் ஆங்கிலத்தில் வருகிறது. விளக்கம் கிரியோலும் பிரெஞ்சும் கலந்து வருகிறது. தேர்வு மறுபடியும் ஆங்கிலத்தில். ‘நல் ஹைபாத்தெசிஸ்’, ‘சிக்னிஃபிகன்ட்’, ‘பி-வேல்யூ’ என்ற சொற்கள் நாக்குக்குப் பழகிவிடுகின்றன. பொருள் மட்டும் பிடி கொடுப்பதில்லை. சூத்திரத்தைச் சரியாகப் போட்டு, எண்ணையும் சரியாக எடுத்துவிட்டு, கடைசி வரியில் முடிவைத் தவறாக எழுதுகிறவர்கள் ஏராளம். கணக்கு எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று தமிழில் ஒருமுறை நிதானமாக யோசித்துவிட்டால் அந்தத் தவறில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

முதலில் சொற்கள். ‘நல் ஹைபாத்தெசிஸ்’ தமிழில் இன்மைக் கருதுகோள். சூனியக் கருதுகோள் என்றும் சிலர் எழுதுவார்கள். இன்மை என்ற சொல் இங்கே மிகவும் பொருந்துகிறது. வேறுபாடு இன்மை, விளைவு இன்மை, தொடர்பு இன்மை: பெரும்பாலான இன்மைக் கருதுகோள்கள் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அதை எதிர்த்து நிற்பது மாற்றுக் கருதுகோள். ‘சிக்னிஃபிகன்ஸ்’ என்பதற்கு ‘முக்கியத்துவம்’ என்று எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. முக்கியம் என்றவுடன் ‘பெரியது, கவனிக்க வேண்டியது’ என்று மனம் போய்விடும். இந்தச் சோதனை அதைச் சொல்வதில்லை. இங்கே மிகைகாண் மட்டம் என்ற சொல்லையே கையாள்வோம்: தற்செயலாக வரக்கூடியதைவிட மிகையாக ஏதாவது தெரிகிறதா என்று காண வைக்கும் எல்லைக்கோடு.

நம்பாத ஒன்றை ஏன் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்?

மாணவர்கள் கேட்கும் மிக நல்ல கேள்வி இது. 100 கிராம் இருக்க வேண்டிய ரொட்டியின் எடை குறைகிறது என்று சந்தேகப்படுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘குறையவில்லை’ என்று எழுதித் தொடங்கச் சொல்கிறார்கள். ஏன்?

‘எடை குறைகிறது’ என்ற கூற்றை வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது என்பதே காரணம். எவ்வளவு குறைகிறது? அரை கிராமா, ஐந்து கிராமா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிகழ்தகவு. ‘சராசரி சரியாக 100 கிராம்’ என்பது ஒரே ஒரு எண். அப்படி ஓர் உலகத்தைக் கற்பனை செய்தால், அங்கே பத்து ரொட்டியை எடை போட்டால் என்னென்ன விடைகள் எவ்வளவு அடிக்கடி வரும் என்று துல்லியமாகக் கணக்கிடலாம். பிறகு நம் கையிலுள்ள விடையை அந்த உலகத்தில் வைத்துப் பார்க்கிறோம். அங்கே அது சாதாரணமாகத் தென்பட்டால் அந்த உலகத்தை விலக்க நமக்குக் காரணம் இல்லை. அங்கே அது மிக அரிதென்றால் அந்தக் கற்பனை உலகத்தின் மீது சந்தேகம் வருகிறது. முழு முறையும் இவ்வளவுதான். நம் விடை அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ விலகிய விடை அங்கே வரும் வாய்ப்புதான் பி-மதிப்பு. அது அந்தக் கற்பனை உலகத்துக்குள் கணக்கிட்ட எண் என்பதை மறக்கும்போதுதான் பின்னால் வரும் அத்தனை குழப்பமும் பிறக்கிறது.

எட்டுக் கோப்பை

இதைக் கையால் செய்து பார்க்க, புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் தன் நூலில் விவரித்த தேநீர்ச் சோதனையைவிட நல்ல வழி இல்லை. பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு பெண்மணி. நம் ஊரில் வனிலாத் தேநீர் இல்லாத வீடு குறைவு. அதை வைத்தே செய்யலாம்.

எட்டுக் கோப்பை எடுங்கள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். எட்டுத் துண்டுச் சீட்டில் நான்கில் ‘பால்’, நான்கில் ‘தேநீர்’ என்று எழுதி, மடித்து, பையில் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து வரும் வரிசையிலேயே ஊற்றுங்கள். சுவைப்பவருக்கு ‘நான்கும் நான்கும்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வரிசையை மட்டும் சொல்லக்கூடாது. ஊற்றியவர் அறையில் நிற்கக்கூடாது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். சர்க்கரை, சூடு, கோப்பை எல்லாம் ஒன்றாக இருக்கட்டும்.

இன்மைக் கருதுகோள்: அவருக்கு வேறுபாடு தெரியாது, ஊகிக்கிறார். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள். குலுக்கல் நியாயமாக நடந்திருந்தால் 70-உம் சம வாய்ப்புள்ளவை. எட்டையும் சரியாகச் சொல்ல அதில் ஒரே வழி: 1/70, அதாவது 0.014. ‘பால் முதலில்’ என்ற நான்கில் மூன்றை மட்டும் சரியாகப் பிடிக்க 16 வழிகள்.

அவர் மூன்றைப் பிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். பி-மதிப்பு 16/70 அன்று. ‘இந்த அளவுக்கோ, இதைவிட நன்றாகவோ’ செய்வதற்கான வாய்ப்பைத்தான் எடுக்க வேண்டும்: (16+1)/70 = 0.243. ஊகிப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இவ்வளவு செய்துவிடுவார். ஆகவே மூன்று சரி என்பது திறமைக்குச் சான்றாகாது. நான்கும் சரி என்றால் 0.014, ஊகம் என்ற விளக்கம் தடுமாறத் தொடங்குகிறது.

இரண்டு விஷயங்களை இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள். ஒன்று, 1/70 என்ற எண் குலுக்கலிலிருந்து வந்தது. பால், தேநீர், பால், தேநீர் என்று மாற்றி மாற்றி ஊற்றியிருந்தால் எவரும் அந்த வரிசையை ஊகித்துவிடுவார். பிறகு 70 என்பதற்கு அர்த்தமே இல்லை. சோதனையின் நிகழ்தகவு தரவை எடுத்த விதத்திலிருந்து பிறக்கிறது. இரண்டு, எட்டுக்குப் பதில் ஆறு கோப்பை வைத்தால் மொத்தம் 20 வழிகள்தான்; அத்தனையும் சரியாகச் சொன்னாலும் 1/20 = 0.05. ‘0.05-க்குக் கீழே வர வேண்டும்’ என்று நீங்கள் விதி வைத்திருந்தால், உலகத்தின் ஆகச் சிறந்த நாக்கு வந்தாலும் அந்தச் சோதனையில் தேற முடியாது. சோதனை தொடங்கும் முன்பே தோற்றிருக்கிறது. இப்படித் தோற்ற சோதனைகளை மாணவர் செயல்திட்டங்களில் நிறையப் பார்க்கலாம்.

கருதுகோளை எழுதுவது

எழுதும்போது மூன்றைச் சரிபாருங்கள்.

கருதுகோள் முழுமைத்தொகுதியை (பாப்புலேஷன்) பற்றியதாக இருக்க வேண்டும், அதிலிருந்து நாம் எடுத்த கூறு (சாம்பிள்) பற்றியதாக அன்று. ‘பத்து ரொட்டியின் சராசரி 100’ என்று எழுதினால் தவறு. அது கருதுகோளே இல்லை, எடை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ‘இந்தக் கடையில் வரும் ரொட்டிகளின் சராசரி 100’ என்பதே சரி. தேர்வில் முழுமைத்தொகுதியின் சராசரியைக் குறிக்கும் கிரேக்க எழுத்தான மியூவைப் போட வேண்டிய இடத்தில், கூறின் சராசரியான எக்ஸ்-பார் போட்டு மதிப்பெண் இழப்பது இங்கேதான்.

சமக்குறி இன்மைக் கருதுகோளில் இருக்கும். ‘குறைவு’, ‘அதிகம்’, ‘சமமில்லை’ மூன்றும் மாற்றுக் கருதுகோளுக்கு உரியவை.

மூன்றாவது, ஒரு திசை விலகலை மட்டும் பார்க்கும் ஒருமுனையா, இரு திசையையும் பார்க்கும் இருமுனையா என்பது. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஐந்து ரூபாய் நாணயத்தை 20 முறை சுண்டுகிறீர்கள். ராம்கூலம் முகம் உள்ள பக்கம் 14 முறை விழுகிறது. நாணயம் நியாயமானது என்ற உலகத்தில் 14-உம் அதற்கு மேலும் விழ வாய்ப்பு 0.058. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கோளாறுதானே என்று இருபுறமும் எடுத்தால் 0.115. 15 முறை விழுந்திருந்தால் ஒருமுனையில் 0.021, இருமுனையில் 0.041. ஒரே தரவு, ஒருமுனை எடுத்தால் பி-மதிப்பு பாதியாகிறது. அதனால்தான் முடிவைப் பார்த்த பிறகு ‘தலைதான் அதிகமாக விழும் என்று நினைத்தேன்’ என்று ஒருமுனைக்கு மாறுவது ஏமாற்று. அப்படிச் செய்பவர் 5 விழுக்காடு மட்டம் (பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் மறுப்பது) என்று சொல்லிக்கொண்டு உண்மையில் 10 விழுக்காட்டில் சோதிக்கிறார். கேள்வியிலேயே ‘குறைந்திருக்கிறதா’, ‘கூடியிருக்கிறதா’ என்று திசை இருந்தால் ஒருமுனை. ‘மாறியிருக்கிறதா’ என்றால் இருமுனை. ஐயம் இருந்தால் இருமுனை.

இந்த நாணயக் கணக்கைக் கால்குலேட்டரில் போடும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. கருவி தருவது ‘இந்த எண் வரை’ உள்ள கூட்டு நிகழ்தகவு. 15-உம் அதற்கு மேலும் வேண்டுமென்றால், 1 என்ற முழு நிகழ்தகவிலிருந்து ‘14 வரை’ உள்ள கூட்டு நிகழ்தகவைக் கழிக்க வேண்டும். 15 வரையுள்ளதைக் கழித்தால் 15-ஐயே தூக்கி எறிந்துவிடுகிறீர்கள், விடை 0.021-க்குப் பதில் 0.006 என்று வரும், நாணயம் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறும்.

பத்து ரொட்டி

இப்போது முழுச் சோதனை ஒன்றைக் கடைசிவரை கொண்டுபோவோம். ஒரு பேக்கரியின் ரொட்டி 100 கிராம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் பயிற்சிக்காக அமைத்தவை.

தரவு எடுப்பதில்தான் முதல் தவறு நடக்கும். ஒரே நாள் காலையில் ஒரே தட்டிலிருந்து பத்து ரொட்டி வாங்கினால் அது பத்துக்குச் சமமான தகவல் ஆகாது. அன்று மாவு பிரித்தவரின் கை சற்றுக் குறைந்திருந்தால் பத்தும் சேர்ந்தே குறையும். கூறில் உள்ளவை ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உடைகிறது. சூத்திரம் அதைக் கண்டுகொள்ளாமல் பி-மதிப்பைச் சின்னதாகக் காட்டும். பத்து வெவ்வேறு நாள், நாளுக்கு ஒன்று. அடுப்பிலிருந்து வந்த ரொட்டி ஆற ஆற ஈரம் இழந்து எடை குறையும். ஆகவே எல்லா நாளும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். சமையலறைத் தராசு பெரும்பாலும் முழுக் கிராமில்தான் காட்டும். ஒரு தசம இடம் காட்டும் தராசு வேண்டும்.

எடைகள் கிராமில்: 98.2, 99.5, 97.1, 100.4, 98.8, 96.9, 99.9, 98.0, 101.2, 97.5.

இன்மைக் கருதுகோள்: சராசரி 100. மாற்று: சராசரி 100 இல்லை; குறைந்தாலும் கூடினாலும் தெரிய வேண்டும் என்று கேட்பதால் இருமுனை. மட்டம் 5 விழுக்காடு. இவை மூன்றும் எடை போடும் முன்பே தாளில் இருக்க வேண்டும்.

கூட்டுத்தொகை 987.5, சராசரி 98.75. ஒவ்வொரு எடையிலிருந்தும் 98.75-ஐக் கழித்து, வர்க்கம் எடுத்து, கூட்டினால் 19.185. இதை 9-ஆல் வகுங்கள், 10-ஆல் அன்று: 2.132. வர்க்கமூலம் 1.46, இது திட்ட விலக்கம். ரொட்டிக்கு ரொட்டி எடை எவ்வளவு அலைகிறது என்பதை இது சொல்கிறது. நமக்கு வேண்டியது சராசரி எவ்வளவு அலையும் என்பது, அதற்கு 1.46-ஐ 10-இன் வர்க்கமூலமான 3.162-ஆல் வகுக்க வேண்டும். 0.462. இதுதான் திட்டப் பிழை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். திட்ட விலக்கத்தையே வகுக்கும் எண்ணாகப் போட்டுவிட்டால் பெரும்பாலும் எந்தச் சோதனையும் எதையும் கண்டுபிடிக்காது.

டி-மதிப்பு: (98.75 − 100) ÷ 0.462 = −2.71. நம் சராசரி, கற்பனை உலகத்தின் சராசரியிலிருந்து 2.71 திட்டப் பிழை தள்ளி நிற்கிறது. டி-அட்டவணையில் கட்டின்மை எண் 9-க்கு (கூறின் அளவான பத்தில் ஒன்று குறைவு), இருமுனை 5 விழுக்காட்டுக்கு, எல்லை 2.262. நம்முடையது அதைத் தாண்டிவிட்டது. கணினியில் பார்த்தால் பி-மதிப்பு சுமார் 0.024.

இயல்நிலைப் பரவலில் இருமுனை 5 விழுக்காட்டுக்கு எல்லை 1.96. ஏன் அது இல்லாமல் 2.262? திட்ட விலக்கமும் பத்தே ரொட்டியிலிருந்து ஊகித்தது என்பதால் கூடுதலாக ஓர் அலைவு சேர்கிறது. டப்ளினில் கின்னஸ் மதுவடிப்பாலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட் 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் இதைத்தான் தீர்த்துக் கொடுத்தார்; சிறிய கூறுகளோடு மல்லுக்கட்ட வேண்டிய வேலை அவருடையது. ஹெச்எஸ்சியில் மாறுபாடு (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) முன்பே தெரிந்த கணக்குகளும் பெரிய கூறுகளும் வருவதால் 1.96 பழகிவிடும், பழக்கத்தில் அதையே பத்து ரொட்டிக்கும் போட்டுவிடாதீர்கள்.

கால்குலேட்டரில் திட்ட விலக்கத்துக்கு இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று 9-ஆல் வகுக்கும், மற்றது 10-ஆல். தவறானதை அழுத்தினால் டி-மதிப்பு −2.85 ஆகிவிடும், 2 விழுக்காட்டு எல்லையான 2.821-ஐ உரிமையில்லாமல் தாண்டுவீர்கள்.

இன்னொரு விபத்து, முதல் எடையை 98.2 என்பதற்குப் பதில் 9.82 என்று தட்டுவது. சராசரி 89.9-க்கு விழும். எடை இன்னும் குறைந்திருப்பதால் சான்று வலுக்கும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர்: திட்ட விலக்கம் 28-க்கு எகிறி, டி-மதிப்பு −1.13 ஆகச் சுருங்கும். சோதனை எதையும் காணாது. ஆகவே எந்தச் சூத்திரத்துக்கும் முன்னால் எண்களை ஒரு கோட்டில் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. விலகி நிற்கும் ஒற்றைப் புள்ளி உடனே கண்ணில் படும்.

பி-மதிப்போடு 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளியையும், அதாவது தரவோடு ஒத்துப்போகும் சராசரிகளின் வரம்பையும், எழுதுங்கள். 98.75-இலிருந்து இருபுறமும் 2.262 × 0.462, அதாவது 1.04: 97.7 முதல் 99.8 வரை. 100 இதற்குள் இல்லை. சோதனை சொன்னதையே இதுவும் சொல்கிறது. கூடவே குறைவு எவ்வளவு இருக்கலாம் என்றும் சொல்கிறது: 0.2 கிராமிலிருந்து 2.3 கிராம் வரை. வாங்குகிறவருக்கும் கடைக்காரருக்கும் பயன்படுவது இந்த இரண்டு எண்கள்தான். 0.024-ஐ மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது பாதி விடை.

0.024 எதைச் சொல்லவில்லை

‘ரொட்டி சரியான எடையில் இருக்க 2.4 விழுக்காடு வாய்ப்பு’ என்று அது சொல்லவில்லை. இந்த ஒரு வாசகத்தைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டால் பாதி பாடம் முடிந்தது. நாம் கணக்கிட்டது, சராசரி 100 என்று வைத்துக்கொண்டால் இவ்வளவு விலகிய தரவு வர எவ்வளவு வாய்ப்பு என்பது. தரவு இப்படி வந்திருக்கும்போது சராசரி 100 ஆக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது வேறு கேள்வி. கியூர்பிப்பில் மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனைந்திருக்கிறது என்பதால் மழை என்று ஆகுமா? பக்கத்து வீட்டார் செடிக்குத் தண்ணீர் விட்டிருக்கலாம். திசையை மாற்றினால் எண்ணும் மாறும்.

எவ்வளவு மாறும் என்பதை எண்ணிக்கையில் பாருங்கள். 1000 கருத்துகளைச் சோதிக்கிறோம். அதில் 100-இல் மட்டும் உண்மையிலேயே விளைவு இருக்கிறது என்று கொள்வோம். நம் சோதனை உண்மையான விளைவை 80 விழுக்காடு முறை பிடிக்கும் என்றால் 80 பிடிபடும். விளைவே இல்லாத 900-இல் 5 விழுக்காடு, அதாவது 45, தற்செயலாக எல்லையைத் தாண்டும். மொத்தம் 125 ‘கண்டுபிடிப்புகள்’; அவற்றில் 45 பொய். 36 விழுக்காடு. ஐந்து விழுக்காடு மட்டம் வைத்தால் வெளிவரும் முடிவுகளில் ஐந்து விழுக்காடுதான் தவறாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் பி-மதிப்பு பற்றித் தனி அறிக்கையே வெளியிட வேண்டி வந்தது. கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பைப் பி-மதிப்பு அளப்பதில்லை என்பது அதில் உள்ள ஆறு கோட்பாடுகளில் ஒன்று.

ஐந்து விழுக்காடு என்ற கோட்டுக்கும் தெய்வீகம் எதுவும் இல்லை. இருபதில் ஒன்று வசதியான எல்லை என்று ஃபிஷர் 1925-இல் எழுதினார். கூடவே இயல்நிலைப் பரவலில் அது ஏறத்தாழ இரண்டு திட்ட விலக்கம், நினைவில் வைக்க எளிது. 0.049-உம் 0.051-உம் கிட்டத்தட்ட ஒரே சான்று. ஒன்றைக் கொண்டாடி மற்றதைப் புதைப்பதில் நியாயம் இல்லை.

‘மறுக்கவில்லை’ என்றால் ‘உண்மை’ ஆகிவிடாது

நாணயத்துக்குத் திரும்புவோம். அது உண்மையிலேயே கோணல் நாணயம், 60 விழுக்காடு தலை விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 முறை சுண்டி, இருமுனை 5 விழுக்காட்டில் சோதித்தால் மறுக்க வேண்டிய பகுதி 5-உம் அதற்குக் கீழும், 15-உம் அதற்கு மேலும். கோணல் நாணயம் அந்தப் பகுதியில் விழும் வாய்ப்பு வெறும் 13 விழுக்காடு. எட்டு முறை சோதித்தால் ஏழு முறை தப்பித்துவிடும். 100 முறை சுண்டினால் 46 விழுக்காடு; 200 முறை சுண்டினால் சுமார் 79.

இந்த விழுக்காட்டுக்குச் சோதனையின் வலிமை என்று பெயர். ஜெர்சி நெய்மனும் ஈகான் பியர்சனும் 1933-இல் இதைக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். உண்மையான இன்மைக் கருதுகோளை மறுப்பது முதல் வகைப் பிழை, பொய்யானதை மறுக்காமல் விடுவது இரண்டாம் வகைப் பிழை என்று பிரித்ததும் அவர்களே. மட்டத்தைக் குறைத்தால் முதல் வகை குறையும், இரண்டாம் வகை கூடும். இரண்டையும் சேர்த்துக் குறைக்கக் கூறின் அளவைக் கூட்டுவதே நேரான வழி. அளவீட்டின் அலைவைக் குறைப்பது இன்னொன்று. 20 சுண்டலில் எதுவும் தெரியவில்லை என்பதை ‘நாணயம் நியாயமானது’ என்று எழுதினால், சிம்னி விளக்கை வைத்துக்கொண்டு ஊசியைத் தேடிவிட்டு ‘ஊசியே இல்லை’ என்று சொன்னது போலாகும்.

எதிர்முனையில் இன்னொரு பொறி. 10,000 ரொட்டியை எடை போட்டால் திட்டப் பிழை 0.0146 கிராம். சராசரி 99.9 என்று வந்தால் டி-மதிப்பு 6.8-ஐத் தாண்டும், பி-மதிப்பு சுழியை ஒட்டிவிடும். குறைவோ ஒரு கிராமில் பத்தில் ஒன்று. யாருடைய பசியும் இதனால் கூடாது. ‘சிக்னிஃபிகன்ட்’ என்பதை ‘முக்கியம்’ என்று மொழிபெயர்க்காதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

ஏழு கறி

தைப்பூசக் காவடி முடிந்து வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. மறுநாள் சிலருக்கு வயிற்றுக் கோளாறு. எந்தக் கறி காரணம் என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு கறிக்கும் தனித்தனியே, சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டு, 5 விழுக்காட்டில் சோதிக்கிறீர்கள். எந்தக் கறியிலும் குற்றமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், ஏழும் குற்றமற்றவையாகத் தேறும் வாய்ப்பு 0.95-ஐ ஏழு முறை பெருக்கினால் வரும் 0.698. ஆக, ஏதாவது ஒரு பாவப்பட்ட கறி தற்செயலாக மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 30 விழுக்காடு. இருபது சோதனை செய்தால் 64.

தீர்வு எளிது: மட்டத்தைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 0.05 ÷ 7 = 0.007. இதற்குப் போன்ஃபெரோனி திருத்தம் என்று பெயர். கொஞ்சம் கடுமையானது, ஆனால் கையால் செய்யலாம். அதைவிடப் பெரிய பாவம், ஏழையும் சோதித்துவிட்டு மாட்டிய ஒன்றை மட்டும் அறிக்கையில் எழுதுவது. எத்தனை சோதித்தீர்கள் என்று தெரியாமல் படிப்பவருக்குப் பி-மதிப்பால் பயனில்லை.

இதே இனத்தைச் சேர்ந்தது, ‘இன்னும் கொஞ்சம் தரவு எடுத்துப் பார்ப்போம்’ என்று 0.05-க்குக் கீழே வரும்வரை சேர்த்துக்கொண்டே போவது. ஒவ்வொரு முறை எட்டிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். எத்தனை எடுக்கப் போகிறோம் என்பதை முதலிலேயே எழுதிவைத்து அங்கே நிறுத்த வேண்டும்.

தேர்வுத் தாளில் கடைசி வரி

ஹெச்எஸ்சி தாள்களுக்கான கேம்பிரிட்ஜ் திருத்தும் முறையில் இரண்டைப் பார்ப்பார்கள்: முடிவு கேள்வியின் சூழலில் இருக்கிறதா, அறுதியிட்டுச் சொல்லாமல் இருக்கிறதா. ‘இன்மைக் கருதுகோளை மறுக்கிறோம்’ என்று மட்டும் எழுதினால் சூழல் இல்லை. ‘ரொட்டி எடை மாறிவிட்டது என்று நிரூபணமாகிறது’ என்பது அறுதி. ‘5 விழுக்காடு மட்டத்தில், ரொட்டிகளின் சராசரி எடை 100 கிராமிலிருந்து வேறுபடுகிறது என்பதற்குச் சான்று உள்ளது’ என்ற வடிவத்தை ஆங்கிலத்தில் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லையைத் தாண்டாதபோது ‘போதிய சான்று இல்லை’. ஒருபோதும் ‘சராசரி 100-தான்’ என்று எழுத வேண்டாம். ஒப்பீட்டையும் எழுத்தில் காட்டுங்கள், ‘2.71 > 2.262’ என்றோ ‘0.024 < 0.05’ என்றோ. வெறும் ‘எனவே மறுக்கிறோம்’ என்றால் எதை எதோடு ஒப்பிட்டீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரியாது.

செயல்திட்டம் செய்பவர்களுக்கு மிச்சமிருக்கும் கேள்வி, எத்தனை ரொட்டி வாங்குவது. இருமுனை 5 விழுக்காடு, வலிமை 80 விழுக்காடு என்று வைத்தால் மட்டத்துக்குரிய 1.96-ஐயும் வலிமைக்குரிய 0.84-ஐயும் கூட்டி வர்க்கம் எடுங்கள்: 7.84. அதைத் திட்ட விலக்கத்தின் வர்க்கத்தால் பெருக்கி, நீங்கள் கண்டுபிடிக்க விரும்பும் குறைவின் வர்க்கத்தால் வகுங்கள். நம் 2.132-ஐப் போட்டால், 1 கிராம் குறைவைப் பிடிக்க 16.7, அதாவது 17 ரொட்டி. திட்ட விலக்கமும் ஊகம் என்பதால் இரண்டு சேர்த்து 19. அரை கிராம் குறைவைப் பிடிக்க வேண்டுமென்றால் 67-உம் மேலே இரண்டும். குறைவு பாதியானால் ரொட்டி நான்கு மடங்கு. திட்ட விலக்கம் முன்கூட்டியே தெரியாதென்றால் ஐந்தாறு ரொட்டியை வாங்கி எடை போட்டு அலைவை மதிப்பிடுங்கள். அந்த ஐந்தாறையும் கடைசிச் சோதனையில் சேர்க்காதீர்கள்.